அமெரிக்காக்காரர் படமும் உங்கள் ஹஜ்ஜும்

நானா,

இன்று காலை பழைய காகித மூட்டை ஒன்றைப் பிரித்தேன். உள்ளேயிருந்து வழவழப்பான ஒரு புத்தகம் சரிந்து காலில் விழுந்தது. முதலில் வாசனைதான் வந்தது, மண்ணெண்ணெயில் நனைத்துக் காயவைத்த களிமண் மாதிரி. சீமையில் ஓவியங்களை ஏலம் விடுகிற கம்பெனிக்காரர்கள் அச்சடிக்கும் புத்தகம். நடுப்பக்கத்தில் வெள்ளை வெயில், ஒரு மசூதி வாசல், படியோரம் படுத்திருக்கும் ஒட்டகம். நம் அமெரிக்காக்காரர் வரைந்தது. பான்சோடான் தெருவின் பஸ் சத்தமெல்லாம் கொஞ்ச நேரம் தண்ணீருக்கடியில் போனமாதிரி இருந்தது.

முதல் தடவை இப்படிப் புத்தகங்கள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் இரண்டு பெட்டி நிறைய எடைக்கு வாங்கி வந்தேன். நடைபாதையில் என் பழைய புத்தகக் கடையில் பரப்பியதும் எதிரே படத்துக்குச் சட்டம் போடும் உங்கள் கண்ணாடிக் கடையிலிருந்து லோன்ஜியை இறுக்கிக்கொண்டே வந்துவிட்டீர்கள். படங்களை வெட்டிச் சட்டம் போட்டு விற்கலாம் என்பது உங்கள் கணக்கு. ஆனால் ஒன்றைக்கூட வெட்டவில்லை. மழை பிடித்த மதியங்களில் வியாபாரம் இருக்காது. உங்கள் கடை வாசலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவோம். ஆற்றங்கரைப் படிகள், யானை மேல் ராஜா, சந்தையில் துணி விற்கிறவன். ரங்கூனைத் தாண்டாத நீங்கள் அந்தப் படங்களுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவீர்கள். ஒருநாள் ஒரு பள்ளிவாசல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "கல்லு சுடும்போல இருக்கேடா" என்றீர்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் பாதம் சுட்டது நானா.

நமக்கு இங்கிலீஷ் தெரியாது. சுங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் நாவல் மாற்ற வருவார். ஒரு லபேயே டீ வாங்கிக் கொடுத்து அவரைப் படிக்கவைத்தோம். இந்தியா முழுக்கச் சுற்றி வரைந்த அமெரிக்காக்காரர், நூறு வருஷத்துக்கு முந்தியவர், அவர் செத்தபிறகு பட்டறையில் கிடந்த படங்களெல்லாம் ஒரே ஏலத்தில் போய் உலகம் பூராவும் சிதறிவிட்டன என்று அவர் சொன்னார். நடுவில் செருகியிருந்த ஒரு தாளில் எந்தப் படம் என்ன விலைக்குப் போனது என்று இருந்தது. அவர் வாசித்த தொகைகளுக்கு இந்தத் தெருவில் இரண்டு பக்கக் கட்டடங்களையும் வாங்கலாம். டீக்கடை வைத்திருந்த கோ தான் என்ற பர்மாக்காரர் கெட்டிலைச் சாய்த்தபடியே நின்றுவிட்டார். கோப்பை நிரம்பி வழிந்தது.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

உங்கள் கடையின் பின்சுவரில் ஒரு பெரிய எண்ணெய் ஓவியம் இருந்தது. கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட காலத்தில், மதராஸுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பு ஒரு செட்டியார் சட்டம் மாற்றச் சொல்லி உங்கள் அத்தாவிடம் விட்டுப் போனது. வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றவர் வரவேயில்லை. கடிதத்துக்கும் பதில் இல்லை. அத்தா மௌத்தானபிறகு அது உங்கள் பொறுப்பாயிற்று. அடுத்தவர் நம்பி விட்டுப்போன பொருள், அமானிதம் என்பீர்கள். அதில் மனிதர்கள் இருந்ததால், நீங்கள் தொழுகிற இடம் என்று சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தீர்கள். வருஷத்துக்கு இரண்டு தரம் தூசி தட்டும்போதுதான் அதற்கு முகம். முற்றம், நடுவில் தண்ணீர்த் தொட்டி, கால் கழுவக் குனிந்த ஒரு வெள்ளை உடுப்புக்காரர், நிறையப் புறாக்கள்.

பெரியவர் படித்ததில், இடது மூலையில் அமெரிக்காக்காரர் கையெழுத்து இருக்கும் என்று ஒரு வரி வந்தது. உடனே நான் உங்கள் கடைக்குள் ஓடிப்போய்ப் படத்தைத் திருப்பினேன். மூலையில் அழுக்கும், பாதி சட்டத்துக்குள் மறைந்த ஒரு தூரிகை இழுப்பும்தான் இருந்தன. புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "நானா, எழுத்து அப்படியே இருக்கு. இனிமே நாங்கல்லாம் உங்களைப் பெரிய மனுஷர் மாதிரி ஊ போட்டு ஊ நானான்னுதான் கூப்பிடணும்" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கோ தான் உங்களுக்கு ஒரு கும்பிடு போட்டார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் என்று மறுநாள்தான் தெரிந்தது. அந்த வருஷ ஹஜ்ஜுக்கு உங்கள் பெயரும் உங்கள் வீட்டம்மா ராத்தா பெயரும் பட்டியலில் வந்திருந்தன. மலேசியாவில் இருந்த மகன் இரண்டு வருஷமாக அதற்காகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தான். போகிறவர் கையில் பிறத்தியார் பொருள் இருக்கக்கூடாது. உரியவர் கிடைக்காவிட்டால் விற்று, அந்த விலையை அவர் பெயரில் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பள்ளிவாசல் ஆலிம்சா சொல்லியிருந்தார். பழைய படம்தானே, ஒரு மூட்டை அரிசி விலை வரும், கொடுத்துவிட்டுப் புறப்படலாம் என்று நீங்கள் நினைத்திருந்தபோதுதான் நான் புத்தகத்தோடு ஓடிவந்தேன்.

"நேத்து வரைக்கும் அது ஒரு பழைய படம்" என்றீர்கள். "இப்ப அது என்ன விலைன்னே தெரியாத பொருள். விலை தெரியாத அமானிதத்தைக் கழுத்துல கட்டிக்கிட்டு நான் எப்படிடா காபாவைச் சுத்துவேன்?"

"சும்மா சொன்னேன் நானா, அங்க எழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். ஆனால் சொல்லும்போது பாழாய்ப்போன சிரிப்பு உதட்டில் வந்துவிட்டது. பயந்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். "என்னை அனுப்பணும்னு இப்ப பொய் சொல்றே" என்றீர்கள். முந்தினநாள் பொய்யை நம்பிய மனிதர், அன்றைய உண்மையை நம்பவில்லை. அழுத்திச் சொல்லியிருக்கலாம். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கலாம். தெருவில் அத்தனை பேர் முன்னால் பொய்க்காரன் ஆக மனம் வரவில்லை.

நாள் நெருங்கியது. நீங்கள் போகமாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். ராத்தா எடுத்து வைத்த வெள்ளைத் துணிகளைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஆலிம்சாதான் வழி சொன்னார். நாலு பேர் அறிய ஏலம் விடுங்கள், ஒளிவு மறைவில்லாமல் வருகிற விலைதான் விலை, அதற்கு மேல் உங்களிடம் கேள்வி இல்லை என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மழை விட்டு ரோடெல்லாம் பளபளவென்று கிடந்தது. சூலே பகோடாவின் தங்கம் ஈரத்தில் தலைகீழாக நின்றது. நாம் படத்தைத் தூக்கி வந்து தெருவைப் பார்த்து நிறுத்தினோம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அது வெளிச்சம் பார்க்கிறது. சிமெண்ட்டில் மேய்ந்த புறாக்கள் எழுந்து பறந்தபோது, படத்திலிருந்துதான் சில பறந்தன என்று எனக்குத் தோன்றியது. தொட்டித் தண்ணீரில் விழுந்திருந்த அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் எங்கேயோ போயிருந்தார்கள். நான்தான் ஏலம் கூவ ஏறி நின்றேன்.

கோ தான் விளையாட்டாக ஆரம்பித்து வைத்தார். அப்புறம் இன்சீனிலிருந்து வந்த பழம்பொருள் தரகர் ஒருவரும், புதிதாகக் கட்டிய ஓட்டலுக்குப் படம் தேடி வந்த ஒருவரும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். எனக்கு ஒரே அவசரம். சீக்கிரம் முடிந்தால் நீங்கள் சீக்கிரம் புறப்படுவீர்கள். தரகர் சொன்ன விலைக்கு ஒரு தரம், ரெண்டு தரம் என்று மூச்சுவிடாமல் ஓட்டினேன். நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

"இன்னொரு சுத்துக் கூப்பிடு பழனி. செட்டியார் இங்க நின்னா அப்படித்தான் கேட்பார்."

கூப்பிட்டேன். மூன்று முறை அப்படி நிறுத்தினீர்கள். கடைசியில் ஓட்டல்காரருக்குப் போனது. கட்டடமும் வாங்க முடியாது, ஒரு மூட்டை அரிசியும் இல்லை. இரண்டு ஏழைக் குமர்ப் பெண்களுக்கு நிக்காஹ் முடிக்கிற அளவு. செட்டியார் பெயரைச் சொல்லி அப்படியே முடித்தீர்கள். சட்டத்தைப் பிரித்து மூலையைப் பார்க்க ஓட்டல்காரரும் நினைக்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்கள் முகம் அன்றைக்குக் கழுவிவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

புறப்படுவதற்கு முன் உங்கள் வழக்கப்படி வீடு வீடாகப் போய், செய்த தப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பொறுப்புக் கேட்டீர்கள். வட்ட ரயில் பிடித்து இன்சீனில் என் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். வாசலில் நின்று என் கையைப் பிடித்து, "தெரிஞ்சும் தெரியாமலும் உனக்கு ஏதாவது செஞ்சிருந்தா பொறுத்துக்கிடணும் பழனி" என்றீர்கள்.

பொறுப்புக் கேட்க வேண்டியவன் நான். கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் கண் கலங்குகிறதே என்று பயந்து வழக்கம்போல விளையாட்டுக்குத் தாவிவிட்டேன். "அதெல்லாம் இப்ப பொறுக்க முடியாது. போயிட்டு வந்து கேளுங்க, யோசிக்கிறேன்" என்றேன்.

"சரிடா, அதுக்காகவாவது வந்துடறேன்" என்று சிரித்தீர்கள்.

ராத்தா தனியாகத்தான் வந்தது. கடமையெல்லாம் நிறைவேற்றிய பிறகு, ஒரு அசர் தொழுகை முடிந்து, சுடுகிற கல்லில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்களாம். அங்கேயே அடக்கம். அழுகிறவர்களுக்கு ராத்தாதான் ஆறுதல் சொன்னது. அப்புறம் என்னைப் பார்த்து, "கடைசி நாள்கூடச் சொன்னாங்க. பழனி இன்னும் பொறுக்கலை, நாம திரும்பிப் போகணும்னு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க" என்றது. என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னது. ராத்தா தந்த பேரீச்சம்பழத்தை நான் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேலியை நான் விடவில்லை நானா. விட்டால் என்னை இந்தத் தெருவுக்கு அடையாளம் தெரியாது. ஆனால் ஊருக்குப் போகிறவரோ, ஹஜ்ஜுக்குப் போகிறவரோ வந்து கையைப் பிடித்தால், அவர் வாய் திறக்கும் முன்பே பொறுத்தேன் பொறுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அவர்களே திகைத்துப்போகிறார்கள். சிலர் கேட்க வந்தது புத்தகம் என்ன விலை என்று.

நீங்கள் எனக்கு எதுவும் செய்யவில்லை. இருந்தாலும் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்: பொறுத்தேன். அந்த மூலையில் எழுத்து இல்லை நானா. அழுக்கும் ஒரு இழுப்பும்தான். இதை எழுதும்போது என் உதட்டில் சிரிப்பு இல்லை. இப்போதாவது நம்பி, நீங்களும் பொறுத்துக்கிடணும்.

பழனி