முடிந்தது என்று எழுதிய ராக்கெட்

(ஆலை விடுதியில் அம்மாவின் பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு: அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் முன் நீங்கள் ஒருமுறை மனதுக்குள் படித்துவிடுங்கள். ஓரத்தில் கோடு போட்டிருக்கும் பத்திகள் உங்களுக்கு மட்டும். அவற்றை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.)

புதன்கிழமை, மதியம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? பஞ்சு பறக்கும் பக்கத்திலிருந்து மாற்றிவிடச் சொல்லி ஆலையில் கேட்டுப் பார்த்தாயா? ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்கலாம் என்றிருந்தேன். உனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரப்படுத்தியது எனக்கே கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் அறையில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஜன்னல் கொக்கி மட்டும் கழன்றுவிட்டது. நீ கொடுத்தனுப்பிய நூல்கண்டிலிருந்து நான்கு இழை எடுத்து முறுக்கிக் கட்டியிருக்கிறேன். அந்த நூல் வேலையிடத்திலும் உதவியது. எப்படி என்று சொல்கிறேன்.

நாங்கள் செய்யும் ராக்கெட் என் இடுப்பு உயரம்தான். உடம்பு கெட்டி அட்டைக் குழாய். வழக்கமாக இந்த மாதிரி ராக்கெட்டுக்கு அடியில் மூன்று நான்கு இறக்கை இருக்கும். இதற்கு ஒன்றுகூட இல்லை. இறக்கை இருந்தால் ஏவுகுழாய்க்குள் இடிக்கிறது, இறங்கும்போது உடைகிறது, அது இல்லாமலே பறக்கவைக்க முடியும் என்று பட்டறைக்குப் பொறுப்பான சார் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தார். இப்போதுதான் பெரிய அலுவலகம் அனுமதி கொடுத்தது. இறக்கைக்குப் பதிலாக அடியில் அகன்று விரியும் ஓர் அட்டைக் கூம்பு. பார்த்தால் பாவாடை போலவே இருக்கும். வரைந்தது நான். அன்றிலிருந்து, கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யும் கடைசல் அண்ணன் ராக்கெட்டையே பாவாடை என்றுதான் கூப்பிடுகிறார். காலையில் வந்ததும் பாவாடைக்குச் சாயம் காய்ந்ததா என்று எல்லார் முன்னாலும் கேட்பார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

இறக்கை இல்லாமல் எப்படி நேராகப் போகும் என்று நீ கேட்பாய். விளக்குமாற்றை வீசி எறிந்தால் கட்டு இருக்கும் கனமான பக்கம் முன்னால் போகும், ஈர்க்குப் பக்கம் காற்றில் இழுபட்டுப் பின்னால் வரும் இல்லையா, அதேதான். எடை முன்னால் இருக்க வேண்டும், காற்றின் பிடி பின்னால் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது குழாயின் அகலம், அதாவது மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை எங்கே நிற்கிறது என்று பார்க்க, உன் நூலால் ராக்கெட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். எந்தப் பக்கமும் சாயாமல் நின்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டேன். நான்கு விரல் இடைவெளி இருந்தது. சார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். “இந்தக் கோட்டை நான் திரும்ப அளக்க மாட்டேன். இது அந்தப் பொண்ணு போட்ட கோடு” என்றார். அம்மா, என்னைப் பற்றி வெளியார் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பறக்கவிடுகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருநூறு பேர் பார்க்க வருகிறார்கள்.

அக்கா, இது உங்களுக்கு. அந்தச் சிவப்புக் கோடு தப்பு.

எரிமருந்து நிரப்பிய மோட்டாரைப் பட்டறைக்குள் எடுக்கக் கூடாது. அது இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கும். அளக்கும்போது எரிந்துபோன பழைய மோட்டார் கூட்டில் மணல் நிரப்பி, அதே எடைக்குக் கொண்டுவந்து உள்ளே வைப்போம். எங்கள் பட்டறையில் எந்த வேலை ஆனாலும் அதன்மேல் சாக்குக்கட்டியால் ‘முடிந்தது’ என்று எழுதிவிடுவது வழக்கம். அலமாரியில் ஒரு கூட்டின்மேல் அப்படி எழுதியிருந்தது. மணல் நிரப்பி முடிந்தது என்று எடுத்து வைத்துத்தான் அளந்தேன். நேற்று அதைத் திரும்ப வைக்கப் போனபோது கடைசல் அண்ணன் வந்து, “எரிஞ்சு முடிஞ்சுதே ஒண்ணு, அது எங்கம்மா?” என்று கேட்டார். என் கையில் இருந்த வெறும் கூட்டைத்தான் வாங்கிக்கொண்டு போனார். மணல் நிரப்பியது கீழ்த்தட்டில் மூலையில் இருந்தது.

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் மணல் கூட்டை வைத்து மறுபடி தொங்கவிட்டேன். எடை நிற்கும் இடம் நான்கு விரல் பின்னால் போய்விட்டது. இடைவெளியே இல்லை, அக்கா. இப்படியே விட்டால் கிளம்பிப் பனையுயரம் போகும், பிறகு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூக்கில் இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்தால் போதும். ஆனால் மூக்கை ஒட்டிச் சாயமும் அடித்தாகிவிட்டது. அறுத்தால்தான் உண்டு. யாருக்கும் தெரியாமல் செய்கிற வேலை இல்லை அது.

நான் சேர்வதற்கு முந்திய வருடம் ஒரு ராக்கெட் இப்படித்தான் பாதியில் திரும்பியதாம். கடைசல் அண்ணனின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கிறது. இடது காதும் கேட்காது. “மாப்பிள்ளை வீட்டாரு மாதிரி நேரா என்னையே தேடி வந்துச்சு” என்று சொல்லிச் சிரிப்பார். நேற்றிலிருந்து அந்தக் கையைப் பார்க்காமல் அவரிடம் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, மாலை

அம்மா, கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. வேலை அதிகம். செருப்பு பிய்ந்துவிட்டது, தைத்துக்கொண்டேன். பட்டறையில் எல்லாரும் என்னை நல்லபடியாகத்தான் நடத்துகிறார்கள். கவலைப்படாதே.

அக்கா, இது உங்களுக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்று பேருந்து நிறுத்தத்தில் அம்மா சொன்னது இதுதான்: “யார் வாயிலயும் விழுந்துடாத. தலையைக் குனிஞ்சு வேலையைப் பாரு.” எங்கள் வீட்டில் மேசை நாற்காலி வேலைக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவரை ஒரு தப்புக்காக அனுப்பிவிட்டார்கள் என்று கேள்வி. என்ன தப்பு என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அம்மா உங்கள் விடுதி முழுக்க என் மகள் ராக்கெட் விடுகிறாள் என்று சொல்லி வைத்திருப்பதும் தெரியும். நீங்களே எழுதியிருந்தீர்கள்.

நேற்றும் இன்றும் மூன்று தடவை சாரின் அறை வாசல் வரை போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மூன்றாவது தடவை அவர் நிமிர்ந்து என்னம்மா என்று கேட்டார். பசை தீர்ந்துவிட்டது சார் என்றேன். அவர் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். உள்ளே பசை ஏழு டப்பா இருந்தது. எட்டாவதும் ஒன்று என் மேசைமேல் இருந்தது.

இன்று கிளம்பும்போது ராக்கெட் மரத்தாங்கியில் நின்றது. கருநீல உடம்பில் சார் தன் கையாலேயே ‘முடிந்தது’ என்று எழுதியிருந்தார். பட்டறையில் யாரும் இல்லை. அதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு ‘முடியவில்லை’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. ராக்கெட் வேலை முடியவில்லை என்றுதான் எழுதினேன். படித்துப் பார்த்தால், என்னால் முடியவில்லை என்று நானே கெஞ்சுவது போல இருந்தது. காலையில் சார் பார்ப்பார், யார் எழுதியது என்று கேட்பார், அப்போது கையைத் தூக்கிவிடலாம். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காமல் சொல்லத்தான் வரவில்லை.

சனிக்கிழமை, காலை, மைதானம்

அக்கா, சார் பார்க்கவே இல்லை. நான் பட்டறைக்குப் போனபோது கடைசல் அண்ணன் ஈரத்துணியோடு நின்றிருந்தார். “எவனோ விளையாடியிருக்கான். பாவாடைக்கு ஒடம்பு முடியலையாம்மா” என்று சிரித்தார். துடைத்துவிட்டு மறுபடி ‘முடிந்தது’ என்று பெரிதாக எழுதினார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு அதைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு குழியிலும் அது என் முழங்காலில் வந்து சாய்ந்தது.

இப்போது வண்டியின் பின்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்கி வரிசையாகக் கை கோத்து வருகிறார்கள். ஏவுகுழாயிலிருந்து பெஞ்சு வரை நடந்து பார்த்தேன். அறுபது காலடி. என் குட்டைக் காலடியில் அறுபது. முதல் பெஞ்சில் ஒரு சிறுமி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாள். மோட்டார் பெட்டியின் பூட்டைத் திறந்துவிட்டார்கள். பத்து மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

மைதானத்து வாசலில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. சார் அதற்கு நேர் எதிரே, மைதானத்தின் நடுவில், ஏவுகுழாயின் பக்கத்தில் நிற்கிறார்.

அம்மா, இனி எழுதுவது உனக்கு.

இறக்கை இல்லாத ராக்கெட்டில் நான் போட்ட கோடு தப்பு என்று சாரிடம் சொல்லிவிட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் கேட்காமலே, போய்ச் சொல்லிவிட்டேன். இன்று அதைப் பறக்கவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.

இந்த வரியை எழுதும் இந்த நிமிடம் வரை சொல்லவில்லை, அம்மா.  ஆனால் சொல்லிவிட்டேன் என்று எழுதிவிட்டேன். முதலில் வாசலுக்குப் போய் இதைப் பெட்டியில் போடுவேன். போட்டுவிட்டால் கையை விட்டுத் திரும்ப எடுக்க முடியாது. இது நாலைந்து நாளில் உன் கட்டிலுக்கு வந்து, உன் காதில் விழும். அப்போது இது பொய்யாக இருக்கக் கூடாது. அதனால் பெட்டியிலிருந்து நேரே சாரிடம் நடப்பேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா, ஓரத்துக் கோடுகளை மறந்துவிடுங்கள். முதலிலிருந்து ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசியுங்கள். இருமல் வந்தால் நிறுத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு வாசியுங்கள்.

வாசித்து முடித்ததும் என் பெயரைச் சொல்லி, தலை நிமிர்ந்து நட என்று ஒருமுறை சொல், அம்மா. நீ எந்த நாளில் சொன்னாலும் சரி, எனக்கு அது இன்றைக்குத்தான் வேண்டும்.

உன் மகள்