நான் போட்ட பூஜ்யம்

ஜூன் 2, செவ்வாய்

காலை நடை இருபது நிமிடம். மாத்திரை போட்டாயிற்று. பத்தரை மணிக்குத் தொலைபேசி. சட்டமன்றத்தில் முப்பத்தெட்டு வருடம் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவனை எண்பத்தொரு வயதில் யார் தேடுவார்கள்? பேசியவர் ஒரு பெண் உறுப்பினர். பெண்களுக்கு இட ஒதுக்கீடு கேட்கும் தீர்மானம் பதினொன்றாம் தேதி அவைக்கு வருகிறதாம். அவர்தான் தொடங்கிப் பேசுகிறார்.

"ஐயா, எந்த அவையில எத்தனை பெண்கள்னு நீங்க போட்ட பட்டியலைத்தான் இன்னிக்கும் எல்லாரும் காட்டுறாங்க. மூணாவது அவையில பூஜ்யம்னு இருக்குல்ல? அஞ்சு வருஷம் ஒரு பொம்பளைகூட இல்ல! அதுதான் என் முதல் வரி."

"சரிங்கம்மா" என்றேன்.

சரி இல்லை. மூன்றாம் அவையில் ஒருவர் இருந்தார். எனக்குத் தெரியும். பட்டியல் போட்ட அன்றே தெரியும்.

ஜூன் 3, புதன்

ஒழுங்காக எழுதிப் பார்த்தால் மனம் அடங்கும் என்று உட்காருகிறேன்.

பட்டியல் போட்டது நாற்பது வருடத்துக்கு முன். ஒவ்வொரு அவையின் பதவியேற்பு நாள் கையெழுத்துப் பதிவேட்டை எடுத்து, பெண்களின் கையெழுத்துகளை எண்ணினேன். மூன்று முறை சரிபார்த்தேன். முதல் அவை நான்கு, இரண்டாம் அவை இரண்டு, மூன்றாம் அவை பூஜ்யம். பதிவேட்டின்படி எல்லாம் சரி.

ஆனால் மூன்றாம் அவையின் நான்காம் வருடத்தில் ஓர் உறுப்பினர் இறந்தார். இடைத்தேர்தலில் ஒரு செவிலியர் வென்று வந்தார். பதினொரு மாதம் அவையில் இருந்தார். முதல் நாள் பதிவேட்டில் அவர் எப்படி இருப்பார்?

அப்போதே பிரிவுத் தலைவரிடம் கேட்டேன். "பாதியில வந்தவங்களை எந்தக் கட்டத்துல போடுவே? ஒரே ஒரு ஆளு. விடுய்யா" என்றார். விட்டுவிட்டேன்.

அவரையா குற்றம் சொல்வது? பேனா என் கையில்தானே இருந்தது.

ஜூன் 4, வியாழன்

கடிதம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன் — "தங்கள் மேலான கவனத்துக்கு" என்பதற்கு மேல் ஓடவில்லை.

ஜூன் 5, வெள்ளி

ஒருவேளை எனக்குத்தான் ஞாபகப் பிசகோ? வயதாகிவிட்டது. அப்படி இருந்தால் எவ்வளவு நிம்மதி.

சட்டமன்ற நூலகத்துக்குப் போனேன். மூன்றாம் அவையின் நடவடிக்கைக் குறிப்பு, கடைசித் தொகுதி. இருக்கிறார். மூன்று முறை பேசியிருக்கிறார். இரண்டாவது பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தவன் நான்:

"இந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. சாலையைக் கடந்து தபால் நிலையத்துக்குப் போய்வருகிறேன். நேற்று அப்படிப் போயிருந்தபோது வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. நான் வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது. (சிரிப்பு)"

அந்த அடைப்புக்குறியும் நான் போட்டதுதான். சிரித்தார்கள், எழுதினேன். அதுதான் என் வேலை. நானும் சிரித்தேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 6, சனி

மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கேஸை மூடினியா மூடினியான்னு என்னை நாலு தடவை எழுப்பிக் கேக்குற மனுஷன், ஒரு பொம்பளையையே விட்டுட்டு நாப்பது வருஷம் சும்மா இருந்திருக்கீங்க!"

"இப்ப என்ன பண்றது?"

"என்னைக் கேட்டா? கிளம்புங்க. சட்டையை மாத்திட்டுப் போங்க, காலர் கிழிஞ்சிருக்கு."

இன்று சனி, அலுவலகம் இருக்காது என்றேன். இருக்குமோ என்னவோ.

ஜூன் 8, திங்கள்

போனேன். அந்த உறுப்பினரின் அலுவலக வாசலில் இரண்டு முறை திரும்பினேன். காவலாளி, "உள்ள போறீங்களா, வெளிய போறீங்களா பெரியவரே? ஒரு முடிவுக்கு வாங்க" என்றார்.

உள்ளே நுழைந்தேன். மேசை மேலும் தரையிலும் கட்டுக் கட்டாகத் துண்டறிக்கை. எல்லாவற்றிலும் ஒரு பெரிய பூஜ்யம். என் பூஜ்யம்.

நின்றபடியே சொல்லி முடித்தேன். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏங்கய்யா, இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயம்மா."

"இப்ப மட்டும் பயம் போயிடுச்சா?"

"இப்பவும் பயம்தாம்மா."

அவர் துண்டறிக்கைக் கட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "பூஜ்யம்னு சொன்னா வாயடைச்சுப் போவாங்க. ஒண்ணுன்னு சொன்னா சிரிப்பாங்க. உங்களுக்குப் புரியுதா? மூணு நாள்தான் இருக்கு!"

நகல்களை மேசையில் வைத்தேன். அவர் தொடவில்லை. "நீங்க கிளம்புங்க" என்றார்.

பேருந்தில் வரும்போது, பேசாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது. நான் பிழையோடு வாழ்ந்து பழகிவிட்டேன்; அவரை ஏன் இழுத்துவிட்டேன்?

ஜூன் 10, புதன்

தொலைபேசி வரவில்லை. இரத்த அழுத்தம் 160.

ஜூன் 11, வியாழன்

அவை நேரலை. நான் கதவோரம் நின்றுகொண்டேன். மனைவிதான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தாள்.

அவர் எழுந்தார். கையில் துண்டறிக்கை இல்லை. "மூன்றாம் அவையில் ஒரு பெண் இருந்தார். நம் பட்டியல் அவரை எண்ணவில்லை" என்று தொடங்கினார்.

எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல்: "நேத்து வரைக்கும் பூஜ்யம்னீங்க, ராத்திரியோட ராத்திரியா ஒண்ணு முளைச்சிடுச்சா?" ஒரே சிரிப்பு.

அவர் காத்திருந்தார். பிறகு கழிப்பறைப் பேச்சை நிறுத்தி நிறுத்தி வாசித்தார், அடைப்புக்குறியோடு சேர்த்து. "பேரவைத் தலைவர் அவர்களே, சற்றுமுன் எழுந்த சிரிப்பும் பதிவாகிறதா?" என்று கேட்டார்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

தீர்மானம் நிறைவேறவில்லை. குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 12, வெள்ளி

நாளிதழில் ஐந்தாம் பக்கம்: "ஓய்வுபெற்ற ஊழியரின் பிழை." பெயரும் போட்டிருக்கிறார்கள். மருமகன் கூப்பிட்டு, "மாமா, நீங்களா இது?" என்றார். நான்தான் என்றேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 15, திங்கள்

அந்த அம்மா பேசினார். குரலில் கோபம் இருந்ததா? இல்லை என்றே நினைக்கிறேன். "ஐயா, மத்த அவைகள்லயும் இடைத்தேர்தல் நடந்திருக்குமே. அதையெல்லாம் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. நாற்பது வருடத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. ஒருவரைத்தான் விட்டேன் என்று அவரையே நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 24, புதன்

எட்டாவது நாளாக நூலகம். ஐந்தாம் அவையில் ஒருவர், கணவர் இறந்த தொகுதியில் நின்று வென்றவர். ஆறாம் அவையில் இருவர். ஏழாம் அவையில் ஒருவர், அவரும் அப்படியே. பெண்களுக்கு அந்தக் காலத்தில் அதிகம் கிடைத்ததே இடைத்தேர்தல்தான் போலிருக்கிறது. நான் முதல் நாள் பதிவேட்டை மூன்று முறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுவரைக்கும் எத்தனை பேரு?" என்றாள் மனைவி.

"செவிலியரோட சேர்த்து அஞ்சு."

"பேரெல்லாம் எழுதிக்கிட்டீங்களா?"

பழைய பட்டியலில் எண் மட்டும்தான். சாப்பிட்ட பிறகு புதுத் தாளில் பெயர்களுக்கென்று ஒரு பத்திக்குக் கோடு போட்டேன். அகலம் போதவில்லை. தாளைப் படுக்கைவாட்டில் திருப்பி, மறுபடி போட்டேன்.