கைக்குள்ள ஒளிச்ச பேர்

நிருஷாட அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். முழங்கால் நோவோட இன்னும் வட்டைக்கு வயல் பாக்கப் போறிங்களா? போனில சொல்ல வெக்கம், அதான் எழுதுறன். இந்த வயசில ரெண்டு கையிலயும் மருதோண்டி போட்டிருக்கன். சிரிக்காதிங்க.

இஞ்ச துபாயில நான் வேலை செய்யிற இந்திக்கார வீட்டு மகளுக்குக் கலியாணம். முதல் நாள் பொம்பிளையள் எல்லாரும் மருதோண்டி போடுறது வழக்கமாம். பூவுக்குள்ள புருசன்ட பேரை ஒளிச்சு எழுதுவாங்க, அவர் தேடிப் பிடிக்கவேணும். எனக்குப் போட்டவள் உங்கட பேரைக் கேட்டாள். "நிருஷாட அப்பா" எண்டன். "அது பேரா அக்கா?" எண்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

மறுகா அவள் விடாமக் கேக்க, கலியாணம் கட்டின நாளில இருந்து சொல்லாத பேரை அத்தனை பேருக்கு முன்னால வாய்விட்டுச் சொல்லிப்போட்டன். வெக்கத்தில மண்ணுக்குள்ள போயிரலாம்போல இருந்திச்சு. கண்ணில தண்ணியும் வந்திட்டு. தடிமன் பிடிச்சு மூக்கும் கண்ணும் ஓடினது எண்டு வைச்சுக்கொள்ளுங்க.

லீவில நம்மட ஊருக்கு, கிரானுக்கு வாற அஜந்தாட்ட இதைக் குடுத்துவிடுறன். அவள் திரும்பி வரக்குள்ள கொஞ்சம் கருவாடும், நீங்க இடுப்பில கட்டின பழைய சாரன் ஒண்டும் அனுப்புங்க. தலகணிக்கு உறை இல்ல.

அவள்ற கார் வந்திட்டு, முடிக்கிறன். ஒரு கிழமையா வீடியோ கோல் எடுக்காததுக்கு வேற காரணம் இல்ல. மருதோண்டி காயாத கையால கண்ணைத் துடைச்சதில ரெண்டு கன்னமும் சிவந்துபோச்சு. கழுவினாப் போகாதாம். கலியாணப் படம் எல்லாத்திலயும் அப்படித்தான் நிக்கிறன்.