மலையில் தாகம் எடுக்காதாமே

வாய் நிறைய என்னை முத்து என்று கூப்பிட்ட என் மச்சானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்குப் போய்விட்டு வந்தேன். கொடைக்கானல் மலை. நீங்கள் ஆசைப்பட்ட மலையை நான் மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அன்றிலிருந்து உங்கள் படத்துக்கு முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. வாயால் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பெரியபட்டினத்துப் பாயை ஞாபகம் இருக்கிறதா? ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ணும்போது பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பாரே, அவர்தான். ஒரு நாள் அவர் சொன்னார்.

"குளுந்த எடத்துல இருந்தா நமக்குத் தாகமே எடுக்காதுண்ணே. எம் மச்சினன் கொடைக்கானல்ல கடை வச்சிருக்கான். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா அதிசயம்."

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது பரமக்குடி தாண்டியதும் மெதுவாகக் கேட்டீர்கள். "ஏ முத்து, அங்கன போயி ஒரு வாரம் இருந்துட்டு வருவமா?"

"அங்கன நமக்கு யாரு இருக்கா? மொளகாப் பழத்த யாரு பறிக்க?" என்றேன்.

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு மலைப் பேச்சை எடுக்கவே இல்லை. ஏன் மச்சான் எடுக்கவில்லை? இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

கிட்னி போனவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காபி, ரசம், மோர் எல்லாமே அதற்குள்தான். நம் மகள் செல்வி ஒரு லிட்டர் பாட்டிலில் பாதியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுத் தந்தாள். காலையில் அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைப்பேன். நீங்கள் காபி குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கோழிக்கு ஊற்றிவிடுவேன். ரசம் குடித்தால் அதற்கும் ஊற்றிவிடுவேன். கோழி கழுத்தைத் தூக்கித் தூக்கிக் குடிக்கும். அதையே பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைத் தண்ணீர் வண்டி தள்ள விட்டதில்லை நீங்கள். எட்டுக் குடத்தை வண்டியில் அடுக்கிக்கொண்டு ஊருணிக்கு அப்பால் இருக்கிற குழாயடிக்குப் போய், பொம்பளைகளோடு வரிசையில் நின்று பிடித்துக்கொண்டு வருவீர்கள். "முத்துராக்கு புருசன் வந்துட்டாருடி, குடத்த நகட்டுங்க" என்று கேலி பண்ணுவார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே நிற்பீர்கள். அப்படிப்பட்ட மனுசனுக்கு நான் தண்ணீரை அளந்து ஊற்றினேன்.

"ஒரே ஒரு மடக்கு முத்து. நாக்க மட்டும் நனைச்சுக்கிறேன்."

"டாக்டரு சொன்னது காதுல விழுகலையா? நெஞ்சுல நீர் கோத்துக்கிரும்."

"நீ தாலுகா ஆபீஸ்ல இருக்க வேண்டியவடி. மனுக் குடுத்தாத்தான் தண்ணி."

சொல்லிவிட்டு நீங்களே சிரிப்பீர்கள். நான் சிரிக்க மாட்டேன். சிரித்தால் ஊற்றிவிடுவேன் என்று பயம்.

நான் மிளகாய்க் காட்டுக்குப் போய்விட்டால் வீட்டில் நீங்கள் மட்டும்தான். பானை அங்கேதான் இருந்தது, சொம்பும் அதன் மேல்தான் இருந்தது. ஒரு தடவைகூட எனக்குத் தெரியாமல் எடுத்துக் குடித்ததில்லை. நான் வருகிற வரைக்கும் காத்திருந்து என்னிடம் கேட்பீர்கள்.

கடைசி நாள் மத்தியானமும் கேட்டீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். பாட்டில் என் மடியில் பைக்குள் இருந்தது. அதில் இரண்டு விரல் அளவு தண்ணீர் மிச்சம். சாயங்கால மாத்திரைக்கு வேண்டும் என்று தரவில்லை. "ஆஸ்பத்திரியில முடிச்சுட்டு வரும்போது தாரேன்" என்றேன். சரி என்று என் தோளில் சாய்ந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். சத்திரக்குடி தாண்டியதும் தலை சரிந்தது. கண்டக்டர் ஓடி வந்து, "யம்மா, தண்ணி ஊத்துங்க, வாயில தண்ணி ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். அப்போது நான் அளக்கவில்லை மச்சான், இருந்ததை எல்லாம் ஊற்றினேன். எல்லாம் கடைவாய் வழியாக என் சேலையில் வழிந்துவிட்டது.

நான் கொடுத்திருக்க வேண்டுமா, கொடுக்காதது சரியா? டாக்டரிடம் கேட்டேன். நான் செய்தது சரிதான் என்றார். சரியாகச் செய்தவளுக்கு ஏன் இப்படி இருக்கிறது?

பாய் சொன்னதைச் செல்வியிடம் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அய்யா ஆசப்பட்ட எடம்மா, ஒரு தடவ போயிட்டு வந்துருவோம்" என்று பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஒரு கார் ஏற்பாடு செய்தார். நான் வேறு ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு சரி என்றேன். உங்கள் பாட்டிலில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் உங்கள் அளவோடு இருந்து பார்க்க வேண்டும். மலையில் தாகம் எடுக்குமா எடுக்காதா என்று எனக்குத் தெரிய வேண்டும். எடுக்காது என்றால், உங்களை நான் அங்கே கூட்டிக்கொண்டு போகாதது பாவம்தானே?

"மலைக்குத் தண்ணி கொண்டுபோற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் அத்தை" என்றார் மாப்பிள்ளை. இருக்கட்டும் மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னேன்.

வத்தலக்குண்டு தாண்டிக் கார் வளைந்து வளைந்து ஏறியது. பாதி மலையில் ஒரு திருப்பத்தில் ரோட்டோரமாக நிறுத்தினார்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். அங்கே வரிசையாகக் கார்கள், எல்லோர் கையிலும் செல்போன். சுவருக்கு அந்தப் பக்கம் தரையே இல்லை மச்சான். கீழே தோட்டங்களெல்லாம் களத்தில் மிளகாய் காயப்போட்ட மாதிரி சதுரம் சதுரமாகக் கிடந்தன. அணையில் தண்ணீர் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. எதிர் மலையில் ஒரு அருவி, பாறையில் உங்கள் வேட்டியைக் காயப்போட்ட மாதிரி வெள்ளையாகத் தொங்கியது. அவ்வளவு தண்ணீர் விழுகிறது, ஒரு பொட்டுச் சத்தம் கேட்கவில்லை.

சுவரோரம் ஒரு பொம்பளை மக்காச்சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். "அந்தத் தண்ணிக்கிட்ட எப்பிடித்தா போறது?" என்று கேட்டேன்.

"அங்கிட்டு எல்லாம் போக முடியாதுக்கா. இங்கிட்டு நின்னு போட்டா எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்" என்றாள்.

இந்தப் பக்கம் பாறையிலிருந்து கசிகிற தண்ணீரில் ஒரு டிரைவர் கார் மிதியடியை அலசிக்கொண்டிருந்தார். எட்டுக் குடம் வண்டி தள்ளிய உங்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிந்திருக்கும்.

குளிர் காதுக்குள் போனது. அப்போதுதான் கவனித்தேன். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை, தண்ணீர் அப்படியே கோட்டில் நிற்கிறது. நாக்கும் வறளவில்லை. பாய் சொன்னது மெய்தானோ என்று எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. இல்லை, இன்னும் பொழுது இருக்கிறது, சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் என்று மனசைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, இங்கன வந்து நில்லு. பின்னால அருவி தெரியும்" என்று செல்வி கூப்பிட்டாள். "பாட்டில கீழ வையிம்மா. ரேசன் கார்டு போட்டோ மாதிரி நிக்காம கொஞ்சம் சிரி."

பாட்டிலைச் சுவர் மேல் வைத்தேன். உதட்டைக் கொஞ்சம் விரித்தேன். அவள் அமுக்கிவிட்டு, "யம்மா! பாட்டில்!" என்று கத்தினாள்.

குரங்கு. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சுவரின் கடைசிக்குப் போய், மனுசர் மாதிரி உட்கார்ந்து, மூடியைத் திருகித் திறந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் வீடியோ எடுத்தார்கள். "ஏலே, மூடியத் தொறக்குதுலே!" என்று ஒருவர் கைதட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போனேன். பல்லைக் காட்டியது. மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அது குடித்தது. ஒவ்வொரு மடக்குக்கும் என்னைப் பார்த்தது. பாதி குடித்தது, பாதி நெஞ்சில் வழியவிட்டது. கோட்டுக்குக் கீழே இறங்கி, அடிவரைக்கும் இறங்கி, பாட்டில் காலி. பிறகு பின்னால் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். அடி தெரியாத பள்ளம்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"அட விடுங்க அத்தை, வேற பாட்டில் வாங்கிக்கிரலாம்" என்றார் மாப்பிள்ளை. செல்விக்கு மட்டும் புரிந்தது. அவளும் அழுதுகொண்டே சோளக்காரியிடம் உங்கள் கதையைச் சொல்லிவிட்டாள். சோளக்காரி வந்து என் தலையைத் தடவினாள்.

"அழுகாதக்கா. ஒம் புருசந்தான் அந்த ரூபத்துல வந்து தாகந் தீத்துட்டுப் போயிருக்காரு. மனச ஆத்திக்க."

செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கோ கோபம் வந்துவிட்டது.

"எம் மச்சான் கேக்காமக் குடிக்க மாட்டாரு!" என்று கத்திவிட்டேன்.

சோளக்காரி போய், தன் குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து தந்தாள். பாறையில் பிடித்த தண்ணீராம், பல் கூசியது. மூச்சு விடாமல் அத்தனையும் குடித்தேன். இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன். அவ்வளவு தாகம் எனக்குள் எங்கே இருந்தது? அழுததால் வந்ததா, முதலிலிருந்தே இருந்ததா? எனக்குத் தெரியவில்லை மச்சான். தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு தூரம் போனேன், தெரியாமலேயே திரும்பி வந்தேன். அந்தப் பாய் இருந்தாலாவது கேட்கலாம். அவரும் போன மாசம் போய்விட்டார்.

அந்த போட்டோ செல்வியின் போனில் இருக்கிறது. நான் சிரித்த மாதிரி நிற்கிறேன். பின்னால் அருவி, சுவர் மேல் பாட்டில். சிவப்புக் கோடு நன்றாகத் தெரிகிறது. ஓரத்தில் குரங்கின் கை மட்டும் விழுந்திருக்கிறது. பெரிதாகக் கழுவி உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனியும் அந்தக் கோட்டையே நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல விளக்கை ஏற்றி, உங்கள் படத்துக்கு முன்னால் தண்ணீர் டம்ளரை வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். டம்ளரில் பாதிதான் இருந்தது. அன்றைக்கு மட்டும் இல்லை மச்சான், எட்டு மாசமாகப் பாதி டம்ளர்தான் வைத்திருக்கிறேன். கை அந்த அளவிலேயே நின்றுபோயிருக்கிறது. நானும் பார்க்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

இப்போது வண்டியை நான்தான் தள்ளுகிறேன். நாலு குடம்தான் முடிகிறது. குழாயடியில் என்னை முன்னால் விட்டுவிடுகிறார்கள். இனிமேல் வருகிற முதல் குடம் உங்களுக்குத்தான். டம்ளர் இல்லை, பெரிய செம்பில், காலையிலும் சாயங்காலமும், தளும்பத் தளும்ப வைப்பேன். என் கையில் தெம்பு இருக்கிற வரைக்கும் வைப்பேன், இது சத்தியம். நான் காட்டுக்குப் போயிருந்தாலும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் மச்சான். கேட்காமல் எடுத்துக் குடியுங்கள்.

உங்கள் மாமன் மகள்,
முத்து