நாலு வருஷக் கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சௌக்கியம்தானே? போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு வெக்கை துளியும் ஆகவில்லை. அறையைக் குளுமையாக வைத்திருக்கச் சொன்னார் டாக்டர். போன மாதம் ஏசி வாங்கப் போனோம். கரண்ட் குறைவாக இழுக்கும் இன்வெர்ட்டர் ஏசிக்குச் சாதாரண ஏசியைவிடப் பன்னிரண்டாயிரம் கூடுதல். கடைப்பெண் கால்குலேட்டரைத் தட்டி, "வருஷத்துக்கு மூவாயிரம் கரண்ட் பில்லுல மிச்சமாகும் சார். நாலு வருஷத்துல போட்ட காசு வந்துடும். அப்புறம் எல்லாம் லாபம்தான்" என்றாள்.

உன் அம்மா சிரித்தாள். "நாலு வருஷமா? எனக்கு அந்தக் கம்மி விலையே போதும்மா" என்றாள். அந்தப் பெண் பாவம், கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். துணியை ஒரு அங்குலம் கூடவிட்டே வெட்டிப் பழகிய தையல்காரக் கை இது, குறைத்து வெட்ட வரவில்லை. விலை கூடியதற்கே பில் போடச் சொன்னேன். அது புதுத் தையல் மிஷின் வாங்கச் சேர்த்த பணம் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். வீடு வரும்வரை ஆட்டோவில் அவள் வாய் ஓயவில்லை.

அதன் பிறகு நடந்த கூத்தைக் கேள். நான் கீழே தையல் கடைக்கு இறங்கியதும் ஏசியை அணைத்துவிடுவாள். படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால் போடுவாள். கடைக்கு மேலே வெளிச்சுவரில் மாட்டிய ஏசிப் பெட்டியின் விசிறி சுற்றாததைப் பார்த்து, ஒருநாள் வெறுங்காலோடு ஏறிப் போனேன். தலையணை வேர்வையில் நனைந்திருக்க, முந்தானையால் விசிறிக்கொண்டு படுத்திருந்தாள். கேட்டால் மிச்சம் பிடிக்கிறாளாம்!

"பைத்தியக்காரி, ஓடினாத்தானே மிச்சம்! அணைச்சு வெச்சா பன்னிரண்டாயிரமும் தண்டம்" என்றேன்.

விசிறுவதை நிறுத்தினாள். "அப்போ நாலு வருஷமும் ஓட்டித்தான் ஆகணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ரிமோட்டைத் தானே எடுத்து அமுக்கினாள். அன்றிலிருந்து அணைப்பதில்லை. மதியம் நன்றாகத் தூங்குகிறாள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை எழுத மனம் வரவில்லை. பிள்ளையின் பள்ளி விடுமுறை வரை காத்திருக்காதேம்மா. முடிந்தால் அடுத்த மாதமே வா. நான் கூப்பிட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. உனக்கே அவளைப் பார்க்கத் தோன்றி வந்ததாக இருக்கட்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும்.

உன் வருகையை எதிர்பார்க்கும்,
அப்பா