தாடிக்கொம்பு வீட்டின் புதுப் பூட்டு

என் அன்பு அப்பா,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். ஆனால் என்னோடு இல்லை. இதை உங்களுக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது.

காரியம் முடிந்ததுமே தாடிக்கொம்பு வீட்டைப் பூட்டிவிட்டு, அம்மாவைத் திண்டுக்கல்லுக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். தனி அறை, டிவி, வேளாவேளைக்குச் சாப்பாடு. ஒரு குறையும் வைக்கவில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். வெள்ளைக்காரனும் ரயில் விட்டேன், பள்ளிக்கூடம் கட்டினேன் என்றுதானே சொன்னான்?

அம்மா முதலில் கேட்டுத்தான் பார்த்தாள். வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். வெயில் குறையட்டும் என்றேன். அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள். அப்போதுதான் அதைச் சொன்னேன் அப்பா.

"ஒனக்குத் தனியா இருந்து பழக்கமில்லம்மா. ஒன்னால சமாளிக்க முடியாது."

வரலாற்று வகுப்பில் பாடம் நடத்தும்போது நீங்கள் குரலை மாற்றிக் கிண்டல் செய்வீர்களே, அதே பேச்சு. இந்தியாவோ கானாவோ இந்தோனேசியாவோ, எந்த நாடு விடுதலை கேட்டாலும் எஜமானன் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கு இன்னும் ஆளத் தெரியாது. வகுப்பே சிரிக்கும். உங்கள் மாணவனாக நானும் அங்கே உட்கார்ந்து சிரித்தவன்தான்.

முதலில் மனு, அப்புறம் ஒத்துழையாமை, கடைசியில் யாரையும் கேட்காமல் கொடியை மாற்றுவது. நீங்கள் சொன்ன வரிசை மாறவே இல்லை. அம்மா பேச்சைக் குறைத்தாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்தால் தொடாமல் வெறும் ரசம் சோற்றோடு எழுந்தாள். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். போன சனிக்கிழமை, நம்மூர்ப் பெருமாளைக் கும்பிட்டு வருகிறேன் என்று காலையில் டவுன் பஸ் ஏறியவள் திரும்பவில்லை.

சாயங்காலம் பதறிக்கொண்டு தாடிக்கொம்புக்கு ஓடினேன். நம் வீட்டுக் கதவில் புதுப் பூட்டு. உங்கள் பழைய பூட்டை ஆள் வைத்து உடைத்திருக்கிறாள். என் கையிலிருந்த சாவிக்கு அங்கே வேலையே இல்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்க, வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

பாலும் காபித்தூளும் வாங்கிக்கொண்டு கடையிலிருந்து வந்தாள். திட்டவில்லை. விருந்தாளிக்குப் போடுவதுபோல நாற்காலி போட்டுக் காபி கொடுத்தாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஆத்திர அவசரத்துக்கு இன்னொரு சாவி கொடு என்று கேட்டேன்.

"எதுக்கு அப்பு சாவி? நீ வந்து கூப்புடு. நான் தொறக்குறேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. நீங்கள் இருந்தவரை அந்தச் சாவி உங்கள் அரைஞாண் கயிற்றில்தானே கிடந்தது? அம்மாவிடம் ஒன்று என்றைக்காவது இருந்ததா? வெள்ளைக்காரன் போனதும் அவன் நாற்காலியில் உள்ளூர்க்காரன் ஏறி உட்கார்ந்த கதையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். நீங்கள் போனதும் நான் செய்தது வேறென்ன?

உங்கள் திதியை அங்கேதான் கொடுக்கப்போகிறேன். வரலாமா என்று முன்கூட்டியே அம்மாவிடம் கேட்டுக்கொள்வேன். வாசலில் நின்று கூப்பிடுவேன். அவள் வந்து திறக்கும்வரை வெளியிலேயே நிற்பேன் அப்பா.

அம்மா வீட்டுக்கு இனி விருந்தாளியான
உங்கள் மகன்