மேசைமேல் ஓடிய ஆறு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம், இடது கை மட்டும் மாவுக்கட்டில். பயப்படாதீர்கள்.

ஆற்றுநீரைச் சண்டையில்லாமல் பகிரத்தானே பல நாட்டுக்காரர்களைக் கூட்டிப் பயிற்சி தருகிறார்கள்? மேசைமேல் மணலில் ஆறு வெட்டி, ஆற்றின் மேல்பக்க நாட்டின் மதகை என்னிடம் தந்தார்கள். மூடினேன். கீழ்ப்பக்க நாடாக இருந்த என் அறைத்தோழன், “எங்க வயல் காயுது, தொறடா!” என்று நாற்காலியால் அடித்தான். நான் அவன் பல்லை உடைத்தேன். “வெறும் மணலுப்பா!” என்று வாத்தியார் கத்தினார். குழாயடிச் சண்டை கெட்டது போங்கள்!

ஒற்றைக் கையால் பட்டன் போட முடியவில்லை. தினமும் அவன்தான் முறைத்துக்கொண்டே போட்டுவிடுகிறான். பட்டனில்லாத சட்டை இரண்டு அனுப்புங்கள்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. இன்று மதகு அவனிடம். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா.

உங்கள் மகன்